நைட்டில் மூன்று

"பார்க்க வந்த அன்னிக்கு யார்கிட்ட பேசினீங்க, சிஸ்டர்?"

ஹெச்.ஆர். பெண் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் விட்டுப்போன பிறந்த தேதியைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். நானும் அதே தொனியில் பதில் சொன்னேன். "இன்சார்ஜ் சிஸ்டர்தான் சுத்திக் காட்டினாங்க." அவ்வளவுதான். பொய் இல்லை, புகாரும் இல்லை. ஆனாலும் ஒன்றரை வருடமாக அந்த ஒரு வரி தொண்டையில் நிற்கிறது.

அப்போது என்னிடம் இரண்டு ஆஃபர் இருந்தன. ஒன்று ஐசியூ. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, மாதத்தில் பாதி நைட், சம்பளம் கூடுதல். இன்னொன்று டயாலிசிஸ் யூனிட். நைட் கிடையாது, வாரம் ஒருநாள் கட்டாயம் லீவு, சம்பளம் குறைவு. நான்கு வருடம் ஜெனரல் வார்டில் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்ததில், பகலில் தூக்கம் வராமலும் இரவில் தூக்கம் கலையாமலும் ஆகிப்போயிருந்தேன். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர், "ரெண்டு வருஷம் ஐசியூ போட்டுட்டா அப்புறம் உன்னை யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. டயாலிசிஸ்ல போய் உட்கார்ந்தா கையில இருக்கிற வேலையும் மறந்துடும்" என்றார்.

பாதி சரி. அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984இல் நர்ஸ்களின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். ஒரே மாதிரியான இடத்தில் இரண்டு மூன்று வருடம் ஓட்டினால்தான் மூன்றாவது படிக்கு வர முடியும், புது இடத்துக்குப் போனால் பழைய ஆளும் மறுபடி புது ஆள்தான் என்பது அவர் கணக்கு. ஆக, ஐசியூ போனாலும் டயாலிசிஸ் போனாலும் நான் கீழே இறங்கித்தான் ஏற வேண்டும். எந்த ஆஃபர் கடிதத்திலும் இது இருக்காது.

சேருவதற்கு முன் இரண்டு இடத்தையும் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்க ஒரே கேள்விதான் வைத்திருந்தேன்: நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்?

ஐசியூவில் இன்சார்ஜ் சிஸ்டர் என்னோடு பேசிக்கொண்டே ஒரு பெட்டின் ஓரம் குனிந்து, யூரின் பையின் அளவுக் குடுவையைப் பார்த்தார். முழங்கையில் ஒட்டியிருந்த மைக்ரோபோர் டேப் துண்டில் '40' என்று எழுதினார். அதற்கு மேலே 55, அதற்கும் மேலே 60. மணிக்கு மணி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிடப் போகும் ஆளுடைய முகம் அவருக்கு. அந்த நேரத்தில்தான் நான் கேட்டேன்.

"ரோஸ்டர்ல ரெண்டு," என்றார். பேனாவை மூடினார். "நைட்ல மூணு வரும். யாராவது லீவு போட்டா கண்டிப்பா மூணு. இதை நான் சொன்னேன்னு வெச்சுக்காதீங்க."

டயாலிசிஸ் யூனிட்டில் அதே கேள்விக்கு யூனிட் ஹெட் யோசிக்கவே இல்லை. "நாலு மெஷினுக்கு ஒரு நர்ஸ். நாங்க அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார்.

நான் டயாலிசிஸைத் தேர்ந்தெடுத்தேன். இதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை என்றுதான் நினைக்கிறேன். பிரச்சனை, வேண்டாம் என்று ஐசியூவுக்கு எழுதிய மெயிலில் இருக்கிறது. 'தனிப்பட்ட காரணங்களால்' என்று எழுதி முடித்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் எழுதியது: 'இரவுப் பணியில் ஒரு செவிலியருக்கு மூன்று தீவிர சிகிச்சை நோயாளிகள் என்று அறிந்தேன். அது நோயாளிகளின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல.'

அனுப்பிய இருபதாவது நிமிடம் ஃபோன் வந்தது.

அந்த வரியை எழுதியதற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வை நர்ஸிங் படித்தவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்றது அது. நர்ஸ் வேலையில் வெந்து நொந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் ஏறுகிறது. கலிஃபோர்னியாவில் ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். ஒருவர் சாப்பிடப் போகும் நேரத்துக்கும் அது பொருந்தும். இதெல்லாம் தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதினால், யார்தான் எழுதுவார்கள்? அன்று அப்படித்தான் யோசித்தேன்.

அப்படித்தான் யோசித்தேனா? (ஐக்கனின் ஆய்வு சர்ஜிக்கல் நோயாளிகளைப் பற்றியது, ஐசியூவைப் பற்றியது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.) உண்மையில் எனக்குத் தூக்கம் வேண்டும். இரண்டு பேஷண்ட் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அந்த நைட்டுகளுக்கு நான் போயிருக்க மாட்டேன். ஆனால் 'தூங்க வேண்டும்' என்று ஒரு மருத்துவமனைக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் நோயாளிகளின் பாதுகாப்பை எழுதினேன். இன்சார்ஜ் சிஸ்டர் தாழ்ந்த குரலில் கொடுத்த தகவல், என் சாக்குக்குக் கௌரவமான ஒரு சட்டை ஆனது.

தூக்கம் கேட்பதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று இப்போது சொல்ல முடிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும், மறுபடி 2019இலும், இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில்தான் வைத்தது. அதையாவது எழுதியிருக்கலாம். அந்தக் காரணம் யாரையும் காட்டிக்கொடுத்திருக்காது.

ஃபோன் பேச்சை எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்துவிட்டேன். "யார் சொன்னாங்க?" என்று முதலில் கேட்டபோது "பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று சமாளித்தேன். அது வரை சரி. அடுத்த கேள்விக்கு "ஞாபகமில்லை" என்றிருக்கலாம். "ஏன் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் எப்படியும் சுற்றிக் காட்டியது யார் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? விசிட்டுக்கு ஏற்பாடு செய்ததே ஹெச்.ஆர்.தான். நான் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும். மூன்றாம் நாள், தெரிந்தவர்கள் எதற்கு என்னிடம் கேட்டார்கள் என்ற கேள்வி வந்துவிடும்.

டயாலிசிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மெஷின் என்பது பொய் இல்லை, ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு அந்தக் கணக்கு ஓடாது. நான்கு மணி நேர டயாலிசிஸ் முடிந்தவருக்கு ஊசியை எடுத்துவிட்டு, ஃபிஸ்டுலாவை, அதாவது ஊசி போடக் கையில் இணைத்து வைத்த ரத்தக்குழாயை, காஸ் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பத்து நிமிடமாவது விட முடியாது. அடுத்த பேட்ச் ஆட்கள் எடை பார்த்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். அப்போதுதான் எதிர்ப் பக்கம் ஒருவர், "சிஸ்டர், ஒரு மாதிரி வருது" என்பார். பிரஷர் இறங்குகிறது. காலைத் தூக்கி வைக்க வேண்டும், நீர் எடுப்பதை நிறுத்த வேண்டும், சலைன் விட வேண்டும். என் இரண்டு கையும் இங்கே ஒருவரின் கைமேல் இருக்கும். முதல் மாதம் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர். மூன்றாவது பேஷண்ட்டுக்குப் பயந்து வந்தவள் நான்.

யூனிட் ஹெட்டின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்ட கேள்விக்கு ரோஸ்டரில் உள்ள பதிலைச் சொன்னார். ரோஸ்டரைத் தாண்டிப் பேசியவர் ஒருவர்தான்.

ஆறு மாதம் கழித்து, அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழி பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் சொன்னாள். ஐசியூவில் இப்போது நைட்டுக்குக் கூடுதலாக ஒரு நர்ஸ் போடுகிறார்கள். பழைய இன்சார்ஜ் ஓ.பி.க்கு மாறிவிட்டார். "முட்டி வலின்னு அவங்களே கேட்டு வாங்கினதா சொல்றாங்க" என்றாள். "யார் சொல்றாங்க?" என்று கேட்டேன். "பொதுவா எல்லாரும்தான்" என்றாள்.

இரண்டும் என் மெயிலால் நடந்திருக்கலாம். இரண்டுக்கும் என் மெயிலுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். முதலாவதற்கு நான்தான் காரணம் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. அப்படி நினைத்தால் இரண்டாவதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள் என்று அன்று இன்சார்ஜ் சிஸ்டர் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். மூன்று முறை மெசேஜ் எழுதி அழித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று சொல்ல வேண்டும். அவருக்குக் காரணமே தெரியாமல் இருந்தால், அதைத் தெரிவிக்கும் ஆளும் நானாகிவிடுவேன். நம்பர் இன்னும் 'ஐசியூ இன்சார்ஜ்' என்றுதான் இருக்கிறது. பெயரை மாற்றலாம் என்று போனால், அவருடைய பெயரை நான் கேட்கவே இல்லை.