நாலு டின் அரிசி இரண்டரையான கதை

போன வருஷம் வைகாசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை வியாதியின் வாசற்படி, 6.5 வந்துவிட்டால் வியாதி. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம், அப்போதைய எடை 168 பவுண்டு. எங்கள் ரங்கூனில் உடம்பைப் பவுண்டிலும் சரக்கை வீசையிலும்தான் இன்னமும் நிறுக்கிறோம். டாக்டரம்மா சொன்னது இரண்டே விஷயம். பட்டினி கிடக்கக் கூடாது, 12 பவுண்டு குறைக்க வேண்டும்.

அது என்ன 12 என்று கேட்டேன். உடல் எடையில் நூற்றுக்கு ஏழு என்றார். என்னைப் போல வாசற்படியில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அதுதான் இலக்கு. ஏழு சதவீத எடைக் குறைப்பு, வாரத்துக்கு 150 நிமிட நடை. இதைக் கடைப்பிடித்த கூட்டத்தில் சர்க்கரை வியாதி வருவது 58 சதவீதம் குறைந்ததாம். 40 பவுண்டு இறக்கி மெலிந்து காட்ட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அரிசியையே தொடாதே என்றாள் நாத்தனார். கீழ்வீட்டுப் பர்மாக்கார அம்மா, புத்த பிக்குகள் மாதிரி நடுப்பகலுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் இருந்து பார் என்றார். அவர்களுக்கு அது விரதம், வழிபாடு. எனக்கோ மாலையில் வேலை விட்டு வந்து ஐந்து மாடி ஏற வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும், கரண்ட் வரும் நேரம் பார்த்துச் சமைக்க வேண்டும். எனக்காக மட்டும் தனிச் சமையல் செய்ய நேரமும் கிடையாது, காசும் கிடையாது. அதனால் பானை ஒன்றுதான், அதற்குள் அளவை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அரிசி. இங்கே வீடுகளில் அரிசி அளப்பது பால் டின்னில். கண்டென்ஸ்டு மில்க் தீர்ந்த காலி டின்தான் படி. எட்டு டின் சேர்ந்தால் இங்கத்திய அளவில் ஒரு பியி. ஒரு டின்னில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே அரிசி பிடிக்கும், கலோரியில் பார்த்தால் 900-க்கு மேல். நானும் வீட்டுக்காரரும், மாமியாரும், இரண்டு பிள்ளைகளுமாக ஐந்து பேருக்கு தினம் நாலு டின் போட்டுக்கொண்டிருந்தோம். காலையில் சாப்பிடும் மொஹிங்காவும் (மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) இட்லியும் அந்தக் கணக்கில் சேராது. உலகத்திலேயே அதிகம் அரிசி சாப்பிடும் நாடுகளில் பர்மாவும் ஒன்று. பக்கத்து வீடுகளைப் பார்த்தால் எங்கள் நாலு டின் கம்மிதான்.

நாலிலிருந்து மூன்றரை, பிறகு மூன்று, புரட்டாசி வாக்கில் இரண்டரை. ஒரேயடியாக இறக்கியிருந்தால் அத்தை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். மூன்றுக்கு வந்தபோதுதான், "ஏம்மா, பானை சீக்கிரம் காலியாகுதே, அரிசி விலை ஏறிப்போச்சா?" என்று கேட்டார். விலையும் ஏறித்தான் இருந்தது, அதனால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வளர்கிற பிள்ளைகளின் தட்டில் மட்டும் கைவைக்கவில்லை. குறைந்ததெல்லாம் பெரியவர்கள் மூன்று பேர் பங்கிலிருந்துதான்.

குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் அசல் கேள்வி. நான் பயின்னௌங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்புக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள். உளுந்தும் துவரையும் டன் கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறுவதை நாள் முழுக்க எழுதுகிறேன். வீட்டிலோ சாம்பார் என்ற பெயரில் பருப்புத் தண்ணீர். அரிசி அரை டின் குறைந்தபோது பருப்பு கால் டின் கூடியது. பாசிப்பயறைக் கெட்டியாகக் கடைந்து, கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்தில் வைத்தேன். நூறு கிராம் காய்ந்த பருப்பில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நார்ச்சத்து வேறு. மத்தியானம் சாப்பிட்டால் நாலு மணிக்குச் சமோசாக்காரன் குரல் கேட்டாலும் கை பர்ஸுக்குப் போகவில்லை. எனக்குப் பசி அடங்கியதற்குக் காரணம் மனஉறுதி என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். அது பருப்பின் வேலை.

கூடவே தோ ஸயா. காய்கறியையும் கீரையையும் பச்சையாகவோ லேசாக வேகவைத்தோ தட்டு நிறைய வைத்து ஙாப்பிக் குழம்பில், அதாவது உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதில் செய்த குழம்பில், தொட்டுச் சாப்பிடுவது. பர்மாக்காரர் சாப்பாட்டில் இது இல்லாத நாளே கிடையாது, நாங்கள்தான் இத்தனை தலைமுறையாக இங்கே இருந்தும் அதை ஓரமாகவே வைத்திருந்தோம். வெள்ளரிக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய் எது கிடைத்தாலும் சரி. ஙாப்பியில் உப்பு மிக அதிகம், அத்தைக்கு பிரஷர் இருப்பதால் அவருக்கு மட்டும் எலுமிச்சை பிழிந்த பருப்புச் சட்னி. புளிச்சக்கீரைச் சாறும் அடிக்கடி வைத்தேன். புளிப்பான சூடான சாறு ஒரு கிண்ணம் உள்ளே போனால் சோறு தானாகக் கம்மியாக இறங்குகிறது.

எண்ணெய் கொஞ்சம் கஷ்டமான பாடம். இங்கே குழம்பு என்றால் எண்ணெய் பிரிந்து மேலே ஒரு விரல் கனத்துக்கு மிதக்க வேண்டும். கெடாமல் இருப்பதற்காக வந்த வழக்கம் அது, காற்றுப் படாமல் எண்ணெய் மூடிக்கொள்ளும். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, அதனால் அந்த வழக்கத்தை வெறும் பழமை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அளவாகச் சமைத்து அன்றன்றைக்கே தீர்ப்பது ஒன்றுதான் வழி. மாதம் நாலரை வீசை எண்ணெய் வாங்கிய வீட்டில் இப்போது மூன்று வீசை. ஒரு வீசை 1.63 கிலோ, ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. கணக்குப் போட்டால் தலைக்கு ஒரு நாளைக்கு 150 கலோரிக்கு அருகில் மிச்சம். பாமாயில் மலிவு என்று தாராளமாக ஊற்றுவதை விட்டு, மிச்சப்பட்ட காசில் கடலை எண்ணெய்க்கு மாறினோம். அளவு குறைந்ததை அதன் வாசனை ஈடுகட்டிவிட்டது.

காலைச் சாப்பாட்டை நான் விடவில்லை. எங்கள் தெருவில் மாடி வீடுகளிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே மணி. கீழே வியாபாரி பையை மாட்டி இழுத்தால் மணியடிக்கும், நாம் தூக்கிக்கொள்வோம். மொஹிங்கா அப்படித்தான் ஐந்தாவது மாடிக்கு ஏறி வரும், கூடவே எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டமான ஈ ஜா குவே இரண்டு, சுரைக்காய்ப் பஜ்ஜி ஒன்று. இப்போது பாத்திரம் எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்குகிறேன். "அமா, ஈ ஜா குவே?" என்று அந்தப் பெண் கேட்கும், வேண்டாம், அவித்த முட்டை போடு என்பேன். நூடுல்ஸ் கொஞ்சம், வாழைத்தண்டு கூட. மற்ற நாட்களில் பே பியோ, அதாவது முளைகட்டி அவித்த பட்டாணி, வெங்காயம் தூவி. கூட வரும் 'நான்' ரொட்டியில் பாதிதான். ஞாயிற்றுக்கிழமை தோசை, அதில் சமரசம் இல்லை.

டீயைப் பற்றிச் சொல்லாவிட்டால் ரங்கூன்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. கிடங்கில் தினம் மூன்று வேளை ச்சோ செய்ன் வரும், தித்திப்பும் பாலும் தூக்கலாக. இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் அதில் சாதாரணமாகப் போகும், அதுவே 120 கலோரி. டீக்கடைப் பையனிடம் தித்திப்பு குறைந்த போ ஜா ஒன்று காலையில் மட்டும் என்று சொல்லிவிட்டேன். மற்ற நேரத்தில் மேசைமேல் சும்மா வைக்கும் யே நுவே ஜான், பாலும் சர்க்கரையும் இல்லாத பச்சைத் தேயிலைத் தண்ணீர். முதல் வாரம் தலைவலி, எரிச்சல். கூட வேலை பார்ப்பவர்கள்தான் பாவம்.

நடைக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை. மழைக்காலத்தில் நடைபாதைக் கற்கள் எது ஆடும் எது கவிழும் என்று தெரியாது. பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது, மாடிப்படி, ஞாயிறு விடியலில் ஷ்வேடகோன் பகோடாவின் கூரை போட்ட படிக்கட்டு, அவ்வளவுதான். 150 நிமிடம் எல்லா வாரமும் தேறியது என்று சொல்ல மாட்டேன்.

எடை பார்த்தது கிடங்குத் தராசில். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஏறி நிற்பேன். ஆரம்பத்தில் 46 வீசையும் அரையும். "அக்கா, ஏற்றுமதிக்குத் தயாரா?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். முதல் மாதம் மளமளவென்று இறங்கியது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். உடம்பில் சேமித்த சர்க்கரைச் சத்து தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகும். அப்புறம் புரட்டாசி முழுக்கத் தராசு அசையவே இல்லை. காகிதத்தில் கூட்டினால் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் உடம்பு இளைக்க இளைக்க அதன் தேவையும் குறைகிறது, போட்ட கணக்கு பழசாகிவிடுகிறது. அப்போதுதான் மூன்று டின் இரண்டரை ஆனது.

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டேன். அனௌரதா சாலைக் காளி கோவிலில் அன்னதானம் என்றால் இலையில் விழுவதைச் சாப்பிட்டேன். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுகிற வேலையை மட்டும் செய்யவில்லை. மறுநாள் மறுபடி இரண்டரை டின், அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்குள் எடை 152. மூன்று மாதச் சர்க்கரை 5.8, இன்னும் வாசற்படிதான். இடுப்புச் சுற்றளவு எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு அது இன்னும் தூரம்.

ஒரு விஷயத்தைச் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இருக்கும் வீடுகளுக்காகச் சொல்ல வேண்டும். அத்தை பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். பானையில் அரிசி குறைந்தபோது அவர் தட்டிலும் குறைந்தது, மாத்திரையோ பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பதினொரு மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்ட வீட்டுக்காரர் சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுக்க, கால் மணி நேரத்தில் தெளிந்தார். சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு குறைந்தாலும் தன் வேலையைக் குறைக்காது. ஆகவே சோற்றைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் போய் மருந்தளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தைக்கு இப்போது மாத்திரை பாதி. அரிசி விலை விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. "இதை முதல்லயே சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேனே" என்றார். இப்போது பால் டின் அவர் கையில். தலை தட்டித்தான் அளக்கிறார், எனக்கு ஒரு மணி கூடுதலாக விழாது.