அலிகர் பாடத்தை நான் படித்த விதம்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு மாதிரித் தேர்வில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவான வரலாற்றைக் கேட்டிருந்தார்கள். "1875இல் சர் சையது அகமது கான் இப்பல்கலைக்கழகத்தை நிறுவினார்" என்று தொடங்கினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது 1875ஐச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில், "அப்போ 1920?" அவ்வளவுதான்.

அந்த ஒரு கேள்விதான் எனக்குப் பாடத்தையே திறந்துவிட்டது. 1875 மே மாதம் தொடங்கியது ஒரு பள்ளி. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அடிக்கல் நாட்டியது முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரிக்கு. பல்கலைக்கழகம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1920 டிசம்பர் 1. சர் சையது 1898லேயே காலமாகிவிட்டார். 1869-70இல் இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், தாம் கனவு கண்ட பல்கலைக்கழகத்தைக் கண்ணால் காணவில்லை என்பது இன்றைக்கும் என் மனதைப் பிசையும்.

ஆகவே ஆண்டுகளை உருப்போடாதீர்கள். "ஏன் 45 வருஷம் ஆச்சு?" என்று கேட்டுப் படியுங்கள். விடையின் சாரம் 1911-க்குப் பிந்தைய பத்தாண்டில் இருக்கிறது. முஸ்லிம் தலைவர் ஆகா கான் முன்னின்று நிதி திரட்டினார். 30 லட்சம் ரூபாய் சேர்ந்தது. பணம் வந்தும் அரசு இறங்கி வரவில்லை. நாடெங்கும் உள்ள முஸ்லிம் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் அதிகாரம் வேண்டும் என்றார்கள் சமுதாயத் தலைவர்கள். அலிகரைத் தாண்டக் கூடாது என்றது அரசு. பெயரில் 'முஸ்லிம்' என்ற சொல் இருப்பதற்கே தகராறு. 1915இல் காசி இந்துப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. அதுவும் இணைப்பு அதிகாரம் இல்லாமல்தான். கடைசியில் அதே வழியில் அலிகரும் உடன்பட்டது. முதல் வேந்தர் போபாலை ஆண்ட பேகம் சுல்தான் ஜஹான். ஒரு பெண் என்பதால் கொள்குறித் தேர்வுக்கும் முக்கியம்.

ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தைத் தனித்தாளில் எழுதாதீர்கள், இதே பக்கத்தில் எழுதுங்கள். 1920 அக்டோபர் 29, அதே அலிகரில், அரசு உதவியே வேண்டாம் என்று ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அலிகர் கல்லூரியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியது அது. டெல்லிக்கு மாறியது 1925இல். அரசிடம் சட்டம் வாங்கியவர்களும் அரசையே மறுத்தவர்களும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில்! பத்து மதிப்பெண் விடைக்கு இதைவிட நல்ல ஒப்பீடு எனக்குக் கிடைத்ததில்லை.

அரசியலமைப்புக் குறிப்பேட்டில், சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தரும் 30ஆவது பிரிவுக்குப் பக்கத்திலும் அலிகருக்கு ஓர் இடம் விடுங்கள். சட்டத்தால் உருவானதால் இதை முஸ்லிம்கள் நிறுவியதாகக் கொள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 1967 அஜீஸ் பாஷா தீர்ப்பு. 2024 நவம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு 4:3 என்ற கணக்கில் அந்த நிலைப்பாட்டை நீக்கியது. அலிகர் சிறுபான்மை நிறுவனமா என்பதை வேறோர் அமர்வின் முடிவுக்கு விட்டது. "அப்போ 1920?" என்று என் விடைத்தாளின் ஓரத்தில் தொடங்கிய கேள்வி, உச்ச நீதிமன்றத்தில் "நிறுவியவர் யார்?" என்று நின்றது.