பதிவேட்டில் 14ஆம் எண்

16 செப்டம்பர் 2020

கொரோனாவால் பள்ளி மூடியே இருப்பதால், சத்துணவுக்குப் பதிலாக இன்று அரிசியும் பருப்பும் வழங்கினோம். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்ற கணக்கு. பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியும் சிலர் வேலிக்கு அப்பால் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பதிவேட்டில் 14ஆம் எண் மாணவிக்காக அவளுடைய பாட்டி வந்து கைரேகை வைத்தார். பேத்தி என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "ஆடு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கா டீச்சரம்மா" என்றார். கல்வித் தொலைக்காட்சியில் அவளுக்குரிய பாடம் வரும் நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான், பெட்டி பழுதாகி நெடுநாளாகிறது என்று சொன்னார்.

9 அக்டோபர் 2020

மழை. கீழே சேலத்திலிருந்து மலைக்குப் பேருந்து வரவில்லை.

11 டிசம்பர் 2020

காப்பிப் பழம் பறிக்கும் காலம். நாகலூர் சாலையில் நடந்து போனால் என் வகுப்பில் பாதிப் பேரைத் தோட்டங்களிலேயே பார்த்துவிடலாம். இரண்டாம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பையன், எடைத் தராசின் அருகே நின்றுகொண்டு, அம்மா பறித்த கிலோவுக்கு எவ்வளவு கூலி என்று கங்காணி சொல்வதற்கு முன்பே மனக்கணக்காகச் சொல்லிவிட்டான். அதையே தாளில் எழுதச் சொன்னேன். பழத்தின் பசை ஒட்டிய விரல்களால் பேனாவைப் பிடித்தவன், 7ஐத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

14ஆம் எண் ஊரில் இல்லை. தாய் தகப்பனோடு குடகுக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டாளாம். தகப்பனின் கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

25 ஜனவரி 2021

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் 19ஆம் தேதி பள்ளி திறந்துவிட்டார்கள். காலைப் பேருந்தில் சீருடைகளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் கட்டடம் பூட்டியே கிடக்கிறது.

22 மே 2021

சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகளோடு சிகிச்சை மையம் அமைத்திருக்கிறார்கள். முதல்வர் வந்து திறந்து வைத்தார். கொரோனாவில் மறைந்த எங்கள் சக ஆசிரியருக்கு அது உதவாமல் போயிற்று. அஸ்தம்பட்டியில் பேருந்து ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை விடைத்தாள் திருத்திக்கொண்டே வருபவர். அந்த இருக்கையில் நான் இனி எப்படி உட்காருவேன்? இறுதியாக ஒரு முறை முகம் பார்க்கவும் விடவில்லை. அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று இரவு முழுவதும் தலைமையாசிரியையும் நானும் பேசிக்கொண்டிருந்தோம்.

23 மே 2021

எழுத ஓடவில்லை.

1 நவம்பர் 2021

திறந்துவிட்டோம். ஒன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்புகளும். வாசலில் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டியதும் சின்னப் பிள்ளைகள் ஊசி என்று எண்ணி அழுதார்கள். இரண்டாம் வகுப்பில் உட்காருகிறவர்கள் இன்றுதான் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. மணி அடித்தால் எழ வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. முகக்கவசத்துக்கு மேலே கண்களை மட்டும் பார்த்து, நெடுநெடுவென வளர்ந்துவிட்ட இவர்களில் யார் எவர் என்று கண்டுபிடிக்க முயன்றேன். மறைந்தவருடைய வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்து சார் எங்கே என்று கேட்டாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலைமையாசிரியைதான் சொன்னார்.

வருகைப் பதிவேட்டில் 14ஆம் எண்ணை அழைத்தேன். பதில் இல்லை. டிசி வாங்கவில்லை, ஆகவே அவள் இன்னும் எங்கள் பிள்ளைதான்.

19 நவம்பர் 2021

மழை விடுமுறைகளுக்கு இடையே கிடைத்த ஒரு முழு நாள். பள்ளி மூடிய அன்று இரண்டாம் வகுப்பில் விட்டுப் போனவர்கள், எல்லோரும் தேர்ச்சி என்ற ஆணையால் இன்று நான்காம் வகுப்பு. கரும்பலகையில் 'கொய்யா' என்று எழுதினேன். தராசருகே கணக்குச் சொன்ன அதே பையன் எழுந்து வந்து எழுத்தெழுத்தாக விரல் வைத்தான். ஒற்றைக் கொம்பை என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டு 'கா' என்றான். 'ய்' மேலிருந்த புள்ளியைக் கவனிக்காமல் 'ய' என்றான். பிறகு 'யா'. மூன்றையும் கூட்டி 'காயயா' என்று சொன்னவன், அப்படியொரு சொல் கிடையாது என்பது அவனுக்கே தெரிந்ததால் அடுத்த எழுத்தைத் தேடுவதுபோல வெறும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு, சரியாகப் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருந்திருக்க வேண்டும். உயிரெழுத்துகளைப் பாட்டாக ஒப்பிக்கிறார்கள். நடுவிலிருந்து ஒன்றைத் தொட்டுக் கேட்டால் 'அ'விலிருந்து பாடிக்கொண்டே வந்தால்தான் விடை கிடைக்கிறது. நான்காம் வகுப்புப் புத்தகத்தை இவர்கள் கையில் கொடுத்து, பாடம் முடிந்தது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

1 பிப்ரவரி 2022

ஜனவரியில் மூடியதை இன்று மீண்டும் திறந்தோம். பள்ளி மூடியிருந்தபோது விட்டுப்போன பாடத்தைத் தன்னார்வலர்கள் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை 5 முதல் 7 வரை ஊரில் வகுப்பு நடத்தும் பெண்ணைப் பார்த்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைதான். ஆனாலும் தீப்பெட்டியின் வெற்று அட்டைகளில் கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதி, எழுத்தின் முன்னும் பின்னும் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இதே ஊரில், இதே மொழிநடையில் பேசி வளர்ந்தவள். அவளிடம் பிள்ளைகள் பயமின்றித் தப்பாகப் படிக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

4 மார்ச் 2022

இணையதளப் பதிவில் நீண்ட நாள் வராதவர்களை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்து, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்புக்கு மாற்றச் சொல்லி மறுபடியும் தொலைபேசி. 14ஆம் எண்ணை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மாற்றிவிட்டால் நம் பட்டியல் சுத்தமாகிவிடும். அவளைப் பற்றிக் கேட்கும் கடமை ஒருவருக்கும் இல்லாமல் போகும்.

13 ஜூன் 2022

எண்ணும் எழுத்தும் திட்டம் இன்று தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் 2025க்குள் செய்துவிட வேண்டும் என்பது இலக்கு. பயிற்சியில் ஒவ்வொரு சொல்லையும் ஆசையோடு கேட்டேன். பிள்ளை எந்த வகுப்பு என்பதை விட்டுவிட்டு, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. எங்களுக்கு வேண்டியது இதுதான். ஆனால் ஒன்று முதல் மூன்று வரைதான். என் பிள்ளைகள் இன்று ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அரும்பு நிலையைத் தாண்டாத பிள்ளைகளை ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் பாட்டும் அட்டையுமாக நடக்கும் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஒன்றரை ஆண்டை முழுமையாக இழந்தவர்களை அது எட்டவில்லை என்பதை மட்டும் யாராவது கேட்க வேண்டும்.

15 ஜூன் 2022

அட்டைகளை இரவல் வாங்கிவிட்டேன். மதிய உணவுக்குப் பின் நாற்பது நிமிடம்.

21 அக்டோபர் 2022

'கொய்யா' படித்துவிட்டான். 'பௌர்ணமி'யில் நின்றுவிட்டான், பரவாயில்லை.

16 ஜூன் 2023

இந்த ஆண்டு நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் திட்டத்தை நீட்டியிருக்கிறார்கள். என் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு. ஆண்டுதோறும் ஒரு படி பின்னால்தான் வந்து சேருகிறது. ஆறாம் வகுப்பாசிரியரிடம் பேசியிருக்கிறேன். மதியத்து நாற்பது நிமிடத்தைத் தொடர்ந்து தருவதாக ஒப்புக்கொண்டார்.

பாட்டி வந்திருந்தார். குடகிலிருந்து அடுத்த வாரம் எல்லோரும் திரும்புகிறார்களாம். 14ஆம் எண் அங்கே பள்ளிக்குப் போனாளா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கன்னடம் பேசுகிறாள் என்று மட்டும் சொன்னார். கல்வி உரிமைச் சட்டப்படி அவளை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். சிறப்புப் பயிற்சிக்கும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பயிற்சியை எங்கள் பள்ளியிலேயே கொடுக்க முடியுமா என்று திங்கட்கிழமை வட்டார வள மையத்தில் கேட்க வேண்டும்.