அந்தத் தீர்ப்பு இன்றைக்குச் செல்லுமா?

சட்டக் கல்லூரி நூலகத்தில் ரெஃபரன்ஸ் மேசைக்கு வருகிற மாணவர் பெரும்பாலும் "சார், ஒரு ஜட்ஜ்மென்ட் வேணும்" என்றுதான் ஆரம்பிப்பார். பெயர் தெரிந்தால் எடுத்துக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை. எடுத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுபடியாகுமா என்று பார்க்கத்தான் நேரம் பிடிக்கும். சட்ட ஆராய்ச்சி வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிற நூலகர், பாட நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கலாம். தேடுவதைப் பிள்ளைகள் நாம் சொல்லாமலே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முதலில் கிடைத்ததோடு தேடலை மூடிவிடுகிறார்கள், அதுதான் தொல்லை.

பயிற்சிக்கு ஒரு நல்ல கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு இந்துக் கூட்டுக் குடும்பம். 1985-ல் கல்யாணமாகிப் போன மகள் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்கிறார். அப்பா 2001-ல் இறந்துவிட்டார். சொத்து இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை. மகளுக்குப் பங்கு உண்டா?

முதலில் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். இன்றைய பதிப்பில் அச்சாகியிருப்பது 2005-ல் மாற்றி எழுதப்பட்ட பிரிவு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அடிக்குறிப்பில் இருக்கிற "2005-ன் 39" என்ற எண் கண்ணில் படாமலே போய்விடும். அடுத்து மாநிலத் திருத்தம். தமிழ்நாடு 1990-ன் 1-வது சட்டத்தின் மூலம் 29-ஏ பிரிவைச் சேர்த்து, மகளையும் பிறப்பிலேயே கோபார்சனர் (கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்குள்ளவர்) ஆக்கியது. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இது இருக்காது. இருக்கிற பதிப்பிலும் ஒரு வழுக்கல் உண்டு: சட்ட எண்ணில் 1990 என்று இருந்தாலும் அமலுக்கு வந்தது 25-3-1989 முதல். அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. எண்ணில் உள்ள வருடத்தை அமல் தேதி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 1989 கடைசியில் கல்யாணமான ஒரு பெண்ணின் பங்கு பறிபோய்விடும்.

ஆகவே தாளில் மூன்று தேதிகளை எழுத வைக்க வேண்டும்: 25-3-1989, 20-12-2004, 9-9-2005. முதலாவது மாநிலத் திருத்தம். மூன்றாவது மத்தியத் திருத்தம் அமலான நாள். நடுவில் இருப்பது, அதற்கு முன் முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினையைக் கலைக்க முடியாது என்று 6-வது பிரிவே கோடு கிழித்த நாள். நம் கேள்வியில் மாநிலத் திருத்தம் கைகொடுக்காது. மத்தியத் திருத்தம்தான் வழி.

இப்போது தீர்ப்பு. தேடினால் பிரகாஷ் எதிர் ஃபூலாவதி, (2016) 2 எஸ்சிசி 36, சட்டென்று வந்து நிற்கும். எஸ்சிசி என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் தனியார் வரிசை. 9-9-2005 அன்று தந்தையும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. உச்ச நீதிமன்றம், தெளிவான வாசகம், சரியான சைட்டேஷன் (தீர்ப்பு அச்சான தொகுதி, பக்க எண்). மாணவர் "பங்கு இல்லை" என்று எழுதி மூடிவிடுவார். (அடைப்புக்குறிக்குள் இருக்கிற 2016, தீர்ப்பு வெளியான தொகுதியின் வருடம், தீர்ப்பு சொன்னது 2015 அக்டோபரில். இதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.)

இன்னும் பத்து நிமிடம் தேடியவருக்கு 2018-ல் வந்த தானம்மா எதிர் அமர் கிடைக்கும். அதில் தந்தை 2001-ல் இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுத்திருக்கிறார்கள். இரண்டுமே இரு நீதிபதிகள் அமர்வு. புதியதுதான் செல்லும் என்று மாணவர் நினைப்பது இயல்பு. ஆனால் சம பலமுள்ள அமர்வுகள் முரண்பட்டால் தேதியை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பெரிய அமர்வு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருக்கிறது: வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா, (2020) 9 எஸ்சிசி 1, மூன்று நீதிபதிகள், 2020 ஆகஸ்ட் 11. உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தந்தை உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி ஃபூலாவதியை ரத்து செய்தது. தமிழ்நாட்டிலிருந்து போன மங்கம்மாள் வழக்கின் தீர்ப்பும் அதோடு போயிற்று. நம் கேள்வியில் மகளுக்குப் பங்கு உண்டு.

தானம்மாவின் நிலைதான் வகுப்பில் விவாதிக்க ருசியானது. வினீதா சர்மா அதை முரண்படுகிற அளவுக்கு மட்டும், பகுதியாக ரத்து செய்தது. கட்டணத் தளத்தில் ஒரு தீர்ப்பின் மேல் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் முழுத் தீர்ப்பும் போய்விட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. ரத்து செய்த தீர்ப்பைத் திறந்து, எந்தப் பத்தியில் எந்தக் கருத்தை என்று படிக்க வேண்டும். இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளம் இலவசம், பயனுள்ளது. அங்கே ஒரு தீர்ப்பை எந்தெந்தத் தீர்ப்புகள் குறிப்பிடுகின்றன என்ற பட்டியலும் வரும். பாராட்டிக் குறிப்பிட்டதா, ரத்து செய்யக் குறிப்பிட்டதா என்பதை நாமேதான் திறந்து பார்க்க வேண்டும்.

தேடலில் எழுத்துக்கூட்டல் படுத்தும். கோபார்சனர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் நடுக்கோடு போட்டும் போடாமலும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தேடாவிட்டால் பாதி நழுவும். இந்தியன் கானூனில் 'அல்லது' என்பதற்கான சொல்லின் கடைசி எழுத்தை இரட்டிக்க வேண்டும்: ஓ-ஆர்-ஆர், எல்லாம் பெரிய எழுத்தில். சுயமரியாதைத் திருமணம் பற்றித் தேடுகிறவருக்கு இதைவிடக் கஷ்டம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவில் அந்தச் சொல் ஒரு மாதிரி, தீர்ப்புகளில் வேறு வேறு மாதிரி. அங்கே சொல்லை விட்டுவிட்டு பிரிவு எண்ணைப் பிடிப்பதுதான் சுலபம்.

புதிய குற்றவியல் சட்டங்கள் அமலான 2024 ஜூலை 1-க்குப் பிறகு பிரிவு எண்ணும் காலை வாருகிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதாவது எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டுப் போகிற மனு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. வெறும் 482 என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். தேடலில் சட்டத்தின் பெயரையும் சேர்த்தே அடிக்க வேண்டும். 302-ம் அப்படித்தான்: இந்திய தண்டனைச் சட்டத்தில் அது கொலை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலை 103, அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. பழைய பேர் ஆக்டுகளைக் கழித்துக்கட்ட நினைக்கிற நூலகங்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்குகள் முடிய வருடங்கள் ஆகும்.

அலமாரிப் பக்கமும் ஒரு வார்த்தை. ஏஐஆர் என்ற தீர்ப்புத் தொகுப்பு மாத இதழில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், சட்டங்கள் எல்லாம் தனித்தனிப் பக்க எண்ணோடு இருக்கும். பைண்டிங்குக்கு அனுப்பும்போது பகுதி பகுதியாகப் பிரித்து அடுக்கிக் கொடுக்காவிட்டால் பைண்டர் மாதவாரியாகத் தைத்துவிடுவார். பிறகு எந்தப் பக்கத்தையும் தேடி எடுக்க முடியாது. என்ஓசி என்று சைட்டேஷனில் வந்தால் அது வழக்கின் சிறு குறிப்பு மட்டுமே. முழுத் தீர்ப்பைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பத்தி எண்ணைக் குறிப்பிடும்போது எந்தப் பதிப்பின் பத்தி என்றும் எழுத வைக்க வேண்டும். நீதிமன்றத் தளத்தில் இறக்கிய பிரதியும் எஸ்சிசியும் ஒரே எண்ணில் போகும் என்று நம்ப முடியாது. எஸ்சிசி பத்தி பிரித்து எண்ணிட்டதில் பதிப்பாளருக்குக் காப்புரிமை உண்டு என்று 2007 டிசம்பரில் டி.பி. மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மூலத் தீர்ப்பை வாட்ஸ்அப்பில் போடலாம். எஸ்சிசி பிரதியைப் போடக் கூடாது. தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக வருகிற ஹெட்நோட்டும் பதிப்பாளர் எழுதியதே. அதை நீதிபதி சொன்னதாக மேற்கோள் காட்டினால் மாணவர்களின் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டிலேயே மானம் போகும்.

சாட்ஜிபிடி கொடுத்த சைட்டேஷனோடு வருபவர்களுக்குச் சோதனை எளிது. தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே வேறு வழக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது. 2023-ல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில், இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்தவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இந்தத் தீர்ப்பு உண்மையா என்று அவர்கள் விசாரித்ததும் அதே சாட்ஜிபிடியிடம்தான்!

மதிப்பெண்ணை விடைக்கு மட்டும் போடாமல் தேடல் குறிப்பேட்டுக்கும் போடலாம். நான்கு கட்டம் போதும்: எந்தத் தளம், என்ன அடித்தார், என்ன கிடைத்தது, தீர்ப்பு செல்லுபடியாகிறதா என்று கடைசியாகப் பார்த்த தேதி. நான்காவது காலியாக இருந்தால் தாளைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்துவிடலாம்.