மகனைக் குருகுலத்துக்குக் கூட்டிப் போனேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சென்னையில் போதகர்களைப் பயிற்றுவிக்கும் லுத்தரன் குருகுலத்துக்கு நல்லபடியாகப் போய்த் திரும்பினோம், அதுவே முதல் சாட்சி.

என் மகனுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வேதத்தில் அன்னாள் செய்த பொருத்தனையையே, பிள்ளையை ஆண்டவருடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று, நானும் செய்தேன். பிள்ளை பிழைத்தான். அவன் அப்பாவுக்கும் எங்கள் போதகரின் மனைவிக்கும் (போதகரை ஐயர் என்போம், அவரை ஐயரம்மா என்போம்) மட்டும்தான் இது தெரியும். மகனிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் அம்மா நேர்ந்துகொண்டாளே என்று கடமைக்குப் போவான். கடமைக்கு அங்கி மாட்டியவர்களை நாம் பார்க்காதவர்களா என்ன? சாமுவேலை அன்னாள் ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள், சரி. ராத்திரியில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஆண்டவர். அந்தச் சத்தம் என் பிள்ளைக்கும் கேட்க வேண்டுமே என்றுதான் இத்தனை வருஷமும் ஜெபம்.

பி.காம். கடைசி வருஷம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே, "ம்மா, சென்னையில குருகுலத்தை ஒரு தடவை பார்த்துட்டு வரலாமா?" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவன் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர், எதற்கும் சட்டென்று வாய் திறக்க மாட்டார். "போயிட்டு வாங்க" என்றார். மற்றச் சொந்தங்கள்தான் விடவில்லை. பேங்க் பரீட்சை எழுதச் சொல்லு, ஐயர் சம்பளத்துக்கு எவன் பொண்ணு கொடுப்பான் என்று போனுக்கு மேல் போன்.

திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினோம். விடிகாலை எழும்பூரில் இறங்கினால் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இதோ இருக்கிற கீழ்ப்பாக்கத்துக்கு நானூறு ரூபாயாம்! பேசிப் பேசி இருநூற்றைம்பதுக்கு வந்தார். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். ஆண்டவர் அவரையும் ஆசீர்வதிக்கட்டும்.

புரசைவாக்கம் நெடுஞ்சாலையின் இரைச்சலை விட்டு கேட்டுக்குள் நுழைந்ததும் வேறு ஊர் மாதிரி இருந்தது. நான் தமிழ்ப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்தியாவில் உள்ள லுத்தரன் சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் அல்லவா, ஆந்திராவிலிருந்து, ஒடிசாவிலிருந்து, ராஞ்சிப் பக்கத்து கோஸ்னர் சபையிலிருந்து எல்லாம் வந்து படிக்கிறார்கள். எங்களைச் சுற்றிக் காட்டிய தம்பி ராஞ்சிக்காரர். இங்கே வந்த பிறகு தமிழ் கற்றிருக்கிறார். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்பதைத்தான் முதலில் கற்றாராம். காலை ஜெபத்தில் ஒரு பாட்டு தெலுங்கு, ஒரு பாட்டு தமிழ், வேதவாசிப்பு இங்கிலீஷ். தெலுங்குப் பாட்டின் ராகம் நம்முடையதுதான். வார்த்தை தெரியாமலே கூடப் பாடிவிட்டேன்.

அப்புறம் ஆசிரியர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து பேசினார். ஆசை காட்டுவார் என்று பார்த்தால், மனுஷன் பயமுறுத்தத்தான் செய்தார். டிகிரி முடித்தவர்களுக்கு பி.டி. என்கிற இறையியல் பட்டம் நான்கு வருஷம். கிரேக்கு, எபிரெயு இரண்டும் உண்டு. சபையின் பரிந்துரை இல்லாமல் நடக்காது. பட்டம் கொடுப்பது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி. 1827-ல் டென்மார்க் ராஜா ஆறாம் பிரடெரிக் கொடுத்த சாசனத்தின் பேரில் இன்றைக்கும் பட்டம் வழங்குகிறார்கள். தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பியது நான்காம் பிரடெரிக், செராம்பூருக்குச் சாசனம் ஆறாம் பிரடெரிக்! "படிப்பைச் சமாளிச்சிடலாம் தம்பி. நடு ராத்திரி சாவு வீட்டுக்குப் போகணும், கமிட்டிச் சண்டைல ரெண்டு பக்கமும் திட்டு வாங்கணும், பிள்ளைங்க ஸ்கூல் நடுவுல டிரான்ஸ்பர் வரும். அதுக்கு ரெடியா?" என்றார். பிறகு, "சரி, உனக்கு ஏன் இந்த எண்ணம் வந்தது?" என்று கேட்டார்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. வீட்டில் நானே அவனிடம் கேட்கத் துணியாத கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். மறதி வந்து பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் கிடந்தார். ஐயர் அவருக்குத் திருவிருந்து கொடுக்கப் போனபோது, பையைத் தூக்கிக்கொண்டு என் மகன் கூடப் போயிருக்கிறான். அப்பம் எது என்றுகூடத் தாத்தாவுக்குப் புரியவில்லையாம். ஐயர் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கியதும், அவர் உதடு அசைந்து ஒரு வார்த்தை பிசகாமல் ஆமென் வரைக்கும் சொன்னாராம். "அன்னைக்கு ஐயர் பெருசா ஒண்ணும் செய்யலை சார். பக்கத்துல உட்கார்ந்து சொன்னார், அவ்வளவுதான். அந்த இடத்துல நான் உட்காரணும்னு தோணிச்சு" என்றான்.

இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த வராந்தாவில் நான் பேசியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவனை ஆண்டவர் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

குருகுலம் முதலில் தொடங்கியது தரங்கம்பாடியில்தான். திரும்பும் வழியில் அங்கே முதலில் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் கல்லறையில் ஜெபித்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் என் ஆசை. அதனால் மெயின் லைன் ரயில் பிடித்து மயிலாடுதுறையில் இறங்கினோம். பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம், மாலையும் பழக்கூடையுமாக. அவர்கள் இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டோம். ஒரு பாட்டி இறங்கும்போது எங்களுக்கும் வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

தரங்கம்பாடியில் நகர வாசல் தாண்டியதுமே ஒருவர் கைடு என்று ஒட்டிக்கொண்டார். சீகன்பால்க் டென்மார்க்காரராம், கோட்டையைக் கட்டியதே அவர்தானாம்! டென்மார்க்காரரின் கோட்டை 1620-ல் எழும்பியது. ஐயர் ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்து, புளுட்சோ ஐயரோடு கரையிறங்கியது 1706 ஜூலை 9. அந்தக் கோட்டை ஆட்கள்தான் 1708-ல் அவரை நாலு மாதம் சிறையில் போட்டார்கள். சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை. இருநூறு ரூபாய் கொடுத்த பிறகுதான் விலகினார்.

புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் ராஜாவின் முத்திரை, கிரீடம், 1718. உள்ளே சுற்றுலாக் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்று சிரிக்கிறார்கள். கோபம் வந்தது, மறைப்பானேன். நல்லவேளையாக அவர்கள் பஸ் ஹார்ன் அடித்தது.

பீடத்தருகே கல்லறை. மகன் முழங்காலில் நின்றான். "முப்பத்தாறு வயசுதானாம்மா" என்றான். ஆமாம், 1719 பிப்ரவரியில் போய்விட்டார், ஆலயம் பிரதிஷ்டையாகி ஐந்து மாதம்கூட முடியவில்லை. அதற்குள் மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி, 1716-ல் ஊழியக்காரரைப் பழக்க ஒரு பள்ளியும் தொடங்கிவிட்டார். 1733-ல் நம்மவரான ஆரோன் ஐயருக்குக் குருப்பட்டம் கிடைத்தபோது பார்க்க அவர் இல்லை. எனக்கு அவர் அம்மாவின் ஞாபகம் வந்தது. சாகும்போது பிள்ளைகளிடம், உங்களுக்குப் பெரிய பொக்கிஷம் வைத்திருக்கிறேன், வேதப்புத்தகத்தில் தேடுங்கள், ஒவ்வொரு பக்கமும் என் கண்ணீரில் நனைந்தது என்றாராம். மகன் கடல் தாண்டினதை அந்தத் தாய் காணவில்லை. நான் காண்கிறேன். ஆண்டவரே, நான் எம்மாத்திரம்! வேறு ஜெபம் வரவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆலயத்தைப் பூட்ட வந்தவர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார், பாவம், அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்து ராஜ வீதியில் நடக்கும்போது பொருத்தனையை அவனிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். "சரிம்மா" என்றான். அப்புறம், "டீ குடிக்கலாமா?" என்றான். இப்போது நான் சொல்லச் சொல்ல இதை டைப் செய்வதும் அவன்தான்.

போகிறவர்கள் ஞாயிறு காலை ஆராதனைக்கே போய்விடுங்கள், செல்ஃபிக் கூட்டம் இல்லாமல் நிம்மதியாக ஜெபிக்கலாம். எங்கள் சபைக் கமிட்டியில் பரிந்துரைக் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை, இரண்டு பேர் இழுத்தடிக்கிறார்கள். கடைசிப் பரீட்சையும் பாக்கி இருக்கிறது, காஸ்ட் அக்கவுண்டிங்தான் அவனுக்குக் கொஞ்சம் இடிக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஜெபித்துக்கொள்ளுங்கள்.