டிராயிங்கில் எழுதாதது

ஓசூர் சிப்காட் பக்கம் மெஷின் ஷாப்புகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை பைக், லாரி, டிராக்டர் பாகங்களை நம்பிப் பிழைப்பவை. நான் புரொடக்‌ஷன் பார்க்கும் ஷாப்பும் அப்படித்தான். கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மில்லிங் மெஷின் (வி.எம்.சி.) இரண்டு, அதே மாதிரி ஓடும் சி.என்.சி. லேத் மூன்று, மூலையில் யாரும் விற்க மனம் வராத ஒரு பழைய மில்லிங் மெஷின், ஆர்கான் வெல்டிங்குக்கு ஒரு தடுப்பறை. ஒரே பீஸ் ஆயிரக்கணக்கில் ஓடும் இந்த இடத்தில், வருடத்துக்கு ஒருமுறை விசித்திரமான ஆர்டர் ஒன்று வரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பக்கத்தில், ஸ்னோமொபைலுக்கு டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி, மாட்டிக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறைக்கான பாகங்கள். எந்தப் பாகமும் நூறு பீஸைத் தாண்டாது. வெட்டுகிற நேரத்தைவிட மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் நேரம் அதிகம். கணக்குப் பார்க்கிற ஓனராக இருந்தால் எப்போதோ கைகழுவியிருப்பார்.

ஸ்னோமொபைல் என்றால் பனியில் ஓடும் பைக் மாதிரியான வண்டி. முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் சக்கரத்துக்குப் பதில் அகலமான ரப்பர் டிராக். காஷ்மீரின் குல்மார்க் போய் வந்தவர்கள் காசு கொடுத்து ஒரு சுற்று போயிருப்பார்கள். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே 1959-இல் ஸ்கீ-டூவைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஓரிருவர் ஏறிப்போகும் இந்தச் சின்ன வண்டி பரவலானது. சுங்க வகைப்பாட்டில் பனியில் ஓடும் வண்டிக்கும் கோல்ஃப் மைதான வண்டிக்கும் ஒரே எண், 8703.10. யார் இந்த இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தார்களோ தெரியாது. அளவுக்கு வைத்துப் பார்க்க கனடாக்காரர்கள் ஒரு பழைய எஞ்சின் கேஸும் கிளட்சும் அனுப்பியபோது, இது எந்த வண்டியின் பாகம் என்று சுங்கத்தில் விளக்கியே எங்கள் ஏஜென்டுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

டர்போ எதற்கு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேகப் பைத்தியம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பாதி அதுதான். மீதிப் பாதி, காற்று. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் 3000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் மிஞ்சும். கீழே 165 குதிரைசக்தி தரும் 850 சி.சி. எஞ்சின், அந்த உயரத்தில் 115-ஐ ஒட்டித்தான் தரும். இடுப்பளவு தூள்பனியில் மலைச்சரிவு ஏறுகிறவனுக்கு அது போதாது. இழந்த காற்றைத் திருப்பிக் கொடுக்கவே நாலரை பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் ஆசை. ஆசை கூடக் கூட ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் வேண்டும், இல்லையென்றால் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஓசூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சென்னையில் இருக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு இங்கேயே குறைவு என்று சொன்னால் எங்கள் பையன்கள் நம்பவில்லை. ஃபோனில் இருந்த பாரோமீட்டரைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

இந்த வண்டிகளில் நிறைய இன்னும் டூ ஸ்ட்ரோக். அதைக் கேட்டதும் எங்கள் மூத்த ஃபிட்டர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஓசூருக்கும் டூ ஸ்ட்ரோக்குக்கும் பழைய உறவு. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட், 1984-இல் இண்ட்-சுசுகி நூறு சி.சி. பைக் எல்லாம் இந்த ஊரில் இருந்துதான் கிளம்பின. அவர் வயதுக்காரர்கள் சத்தத்தை வைத்தே பிஸ்டன் ரிங் தேய்ந்ததைச் சொல்லிவிடுவார்கள்.

"டூ ஸ்ட்ரோக்குக்கு டர்போவா? சைலன்சர்ல கரி அடைச்சாலே வண்டி இழுக்காதே, தம்பி. இவன் ஒரு ஃபேனையே கொண்டுபோய் அடைப்பா வைக்கிறானே" என்றார்.

நல்ல கேள்வி. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸ்பான்ஷன் சேம்பர் எனும் வயிறு பெருத்த புகைக்குழாயின் கூம்புகளில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியே தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அந்த அலையைக் கெடுக்கக் கூடாது. அதனால் டர்போவைச் சேம்பருக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். சேம்பருக்குள் அழுத்தம் கூடத்தான் செய்யும், ஆனால் உள்ளே வரும் பக்கமும் அதோடு சேர்ந்து கூடுகிறது. அடைப்பு மட்டும் இருந்தால் எஞ்சின் திணறும், இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் தாங்கும். ஃபிட்டர் பாதிதான் ஒத்துக்கொண்டார்.

டர்போவை நாங்கள் செய்வதில்லை. அது கடையில் கிடைக்கிற பொருள். அதைச் சுற்றி இருக்கும் சில்லறைப் பாகங்கள்தான் எங்கள் வேலை: ஃபிளாஞ்சு (குழாயை இணைக்கும் தட்டு), ஆயில் வடியும் அடாப்டர், பேரிங் ஹவுசிங், கிளட்ச் வெயிட். டிராயிங் எல்லாம் சுத்தமாக இருக்கும். அளவு, டாலரன்ஸ், மெட்டீரியல், ஃபினிஷ் எல்லாம் எழுதியிருக்கும். அந்தப் பாகம் என்ன பாடு படப்போகிறது என்பது மட்டும் இருக்காது. அதை நாங்களாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆயில் அடாப்டரைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது கனடாக்காரர் அல்ல, கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் லாரி டர்போ பார்க்கும் ஒரு மெக்கானிக். தொப்பூர் கணவாயில் சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கி லோடோடு ஏறிவரும் லாரிகளின் விசில் சத்தத்தில் பிழைப்பு நடத்துகிறவர். டர்போவைக் கையில் எடுத்ததும் பிளேடைப் பார்க்க மாட்டார். ஷாஃப்ட் முனையை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, ஆயில் போகும் குழாயையும் வடியும் குழாயையும் கேட்பார். "டர்போ தானா சாகாதுங்க. ஆயில்தான் கொல்லும். உள்ள போற ஆயிலைவிட வெளிய வர்ற ஆயில்தான் முக்கியம். பம்ப் தள்ளி உள்ள போயிடும், வெளிய வர்றது சும்மா வடிஞ்சுதானே வரணும்."

ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அது மிதப்பதே ஆயில் படலத்தில். லாரியில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்து ஆயில் வந்து சம்ப்புக்கே திரும்பும். டூ ஸ்ட்ரோக்கில் சம்ப்பே கிடையாது, ஊற்றுகிற ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகிற ஜாதி. அதனால் கனடாக்காரர் மாட்டும் இந்தப் பாகத் தொகுப்பில், அதாவது கிட்டில், டர்போவுக்கென்று தனியாக ஒரு குட்டி ஆயில் டேங்க், ஒரு எலெக்ட்ரிக் பம்ப். வடிகிற வழி சரியில்லையென்றால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி டர்பைன் பக்கம் போய்ப் புகையும். வேறு எஞ்சினாக இருந்தால் புகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஏற்கெனவே புகைகிற டூ ஸ்ட்ரோக்கில் யார் கண்டுபிடிப்பது?

எங்கள் அடாப்டரில் இரண்டு துளைகள் உள்ளுக்குள்ளே குறுக்கே சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் அலுமினியம் மெல்லிய உதடு போலப் பிசிறு விடும். டிராயிங்கில் கூர்முனைகளை நீக்கவும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி எல்லா டிராயிங்கிலும் இருக்கும், அதனாலேயே யாரும் படிப்பதில்லை. வெளியே தெரியும் முனையை மட்டும் தட்டிவிட்டு அனுப்பினாலும் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ்தான். ஆனால் அந்தப் பிசிறு ஒருநாள் ஒடிந்து ஆயிலோடு டேங்குக்குப் போய், பம்ப் வழியாக அந்த ஷாஃப்ட்டுக்கு அடியில் போகும். கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பிய பிறகு, ஒவ்வொரு பீஸையும் டார்ச் அடித்துப் பார்த்து, உள்துளையில் பிரஷ் விட்டு எடுத்து, காற்றடித்துக் கழுவுவது என்று வைத்துக்கொண்டோம். பீஸுக்கு நாலு நிமிடம் கூடுதல். அதற்குக் காசு கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

இதைவிடச் சுவாரசியமானது கிளட்ச் வெயிட். ஸ்கூட்டர் மெக்கானிக்குகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேரியேட்டருக்குள் ரோலர் வெளியே தள்ளப்பட்டு பெல்ட்டை மேலே ஏற்றுமே, அதே தத்துவம். இங்கே ரோலருக்குப் பதில், வளைந்த முதுகுள்ள எஃகுக் கைகள் மூன்று. சுற்று ஏற ஏற அவை வெளியே விரிந்து, கிளட்சில் உள்ள சின்ன ரோலர்களை முதுகால் அழுத்தித் தட்டுகளை நெருக்கும். எதிரே ஒரு ஸ்பிரிங் மல்லுக்கட்டும். இந்த இழுபறி எஞ்சினை அதன் முழுச் சக்தி கிடைக்கும் சுற்றிலேயே, கிட்டத்தட்ட 8000-த்தில், பிடித்து வைக்க வேண்டும். டர்போ மாட்டினால் எஞ்சின் பலம் கூடி, பழைய வெயிட்டை மதிக்காமல் சுற்று எகிறிப் போகும். எகிறினால் சக்தி குறையும், எஞ்சினும் அடிபடும். ஆக டர்போவுக்குக் கனமான வெயிட் வேண்டும். டர்போ மாட்டியவர் பெருமையாகப் பேசுவது டர்போவைப் பற்றி. வண்டி உண்மையில் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது இந்த மூன்று துண்டு இரும்பு. என்னைக் கேட்டால் கிட்டின் விலையில் பாதி இதற்குத்தான் கொடுக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

மூன்றும் ஒன்றுக்கொன்று 0.1 கிராமுக்குள் இருக்க வேண்டும். எஃகில் அது ஏறக்குறைய 13 கன மில்லிமீட்டர், ஒரு சிட்டிகை. எங்கள் ஷாப்பில் இருந்தது ஸ்க்ராப் எடை போடும் தராசு. ஓனர் நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கிவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். இன்றைக்கும் வருகிற விருந்தாளிகள் எல்லோரும் ஒருமுறை மோதிரத்தைக் கழற்றி வைத்துப் பார்க்காமல் போவதில்லை.

வெயிட்டில் ஒரு தலைவலியும் வந்தது. ஹார்டனிங்குக்கு, அதாவது எஃகைச் சூடாக்கிக் கடினமாக்க, வெளியே கொடுத்திருந்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். கடினத்தன்மை சர்ட்டிபிகேட்டோடு மிகச் சரியாக வந்தது. ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட்டில் கறுத்துப்போன பீஸ்கள் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மணல் அடித்து வெளுத்து அனுப்பியிருந்தார்கள். நாங்கள் கிரைண்டிங் செய்து கண்ணாடி மாதிரி வைத்திருந்த முதுகு, விரலால் தடவினால் உப்புத்தாள் போல. அந்த முதுகின் மேல்தான் ரோலர் ஓடும். ரோலர் தட்டையாகத் தேயும், கிளட்ச் சிக்கிச் சிக்கி ஏறும். டிராயிங்கைக் காட்டிச் சண்டைபோட முடியவில்லை, ஏனென்றால் மணல் அடிக்காதே என்று அதில் இல்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அது என்ன பாகம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. இருக்கிற பீஸ்களை நல்லெண்ணத்தில் கெடுத்தார்கள். மறுபடி பாலிஷ் செய்ததில் எடை மாறி, மூன்று மூன்றாக ஜோடி சேர்க்கும் வேலை முதலிலிருந்து ஆரம்பித்தது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 62 மி.மீ. பேரிங் உட்காரும் ஒரு அலுமினிய ஹவுசிங். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சுருங்கும். எங்கள் ஷாப்பில் 25 டிகிரியில் சரியாகப் பொருந்துவது, அங்கே மைனஸ் 25-இல் 34 மைக்ரான் வரை இறுகும். பேரிங்கைப் பிடித்து நெரிக்க அது போதும். நாங்களோ கனடாக்காரனின் நவம்பர் பனிக்காக மே, ஜூனில் வேலை செய்கிறோம். சூளகிரிப் பக்கம் மாங்காய் லோடு கூழ் ஃபாக்டரிக்குப் போய்க்கொண்டிருக்கும் மாதங்கள். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு துளை அளக்கும் போர் கேஜை வைத்தால் அது ஒரு பொய்யான அளவு. பீஸை இன்ஸ்பெக்‌ஷன் அறையில் ஒருமணி நேரம் ஆறவிட்டுத்தான் தொட வேண்டும் என்று சொன்னதும் நைட் ஷிஃப்ட் பையன்களுக்கு எரிச்சல். இங்கே பாலுக்குத்தான் ஆறவிடுவோம், இரும்புக்கும் ஆறவிடணுமா என்று ஒருவன் கேட்டான்.

ஃபிளாஞ்சில் ஆர்கான் வெல்டருக்குத்தான் முழுப் பெருமை. பத்து மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்சில் குழாயை வெல்ட் செய்தால் அது வளையாமல் இருக்காது. வளைந்தால் சூட்டுப்புகை கசியும், அழுத்தம் போகும். அவர் தடித்த இரும்பு பிளேட்டில் ஃபிளாஞ்சை போல்ட் போட்டு இறுக்கி, எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்ட் வைத்து, ஆறுகிறவரை கழற்றாமல் விட்டுவிடுவார். பிறகு நாங்கள் முகத்தை 0.3 மி.மீ. சீவுவோம். அதற்கான மெட்டீரியலை முதலிலேயே விட்டு வைப்போம். குழாய்க்குள்ளும் ஆர்கான் நிரப்பித்தான் வெல்ட் வைப்பார். இல்லாவிட்டால் உள்பக்கம் கறுத்துப் பொரிந்து, அந்தப் பொருக்கு உதிர்ந்து நேராக டர்பைன் பிளேடில் போய் அடிக்கும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு வெல்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

இப்போதெல்லாம் இந்த ஆர்டர் வரும்போது, வேலை வரிசையைச் சொல்லும் பிராசஸ் ஷீட்டில் ஆபரேஷன் எண்களுக்கு மேலே ஒரு வரி எழுதுகிறேன். "இதன் மேல் ரோலர் ஓடும்." "இதன் வழியாக ஆயில் தானாக வடிய வேண்டும்." "இதற்குப் பின்னால் ஒரு லட்சம் சுற்றில் பிளேடு இருக்கிறது." ஹார்டனிங் சலானிலும் அதே வரி போகிறது. பழக்கம் ஒட்டிக்கொண்டு, பைக் பாகங்களின் ஷீட்டிலும் பையன்களே எழுத ஆரம்பித்தார்கள். சிலது தப்பு, கேட்டால் திருத்துவேன். போன முறை சர்ட்டிபிகேஷன் ஆடிட்டுக்கு வந்தவர், அங்கீகரிக்கப்பட்ட ஃபார்மேட்டில் இப்படி ஒரு இடமே இல்லையே, நீக்குங்கள் என்றார். நீக்கிவிட்டோம். இப்போது ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறோம்.