பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாத திங்கட்கிழமை

காலை அஞ்சே முக்காலுக்குக் கணக்குப்பிள்ளை அண்ணன் போன் செய்தார். "தம்பி, எடைமேடை கம்ப்யூட்டர் உள்ளயே விடமாட்டேங்குது. வெளியில பதினாலு லாரி நிக்குது, வா."

தை மாதம், சம்பா அறுவடை. மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் நெல் எடைமேடை ஏறாமல் உள்ளே போகாது. இரவெல்லாம் பனி. தார்ப்பாய் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரப்பதம் ஒரு புள்ளி ஏறினாலும் விலை இறங்கும். வண்டியோடு வந்திருந்த விவசாயிகள் என்னைத்தான் பார்த்தார்கள்.

முந்தைய ராத்திரி நான் செய்தது இதுதான். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். அதன் 12-ஆம் வெர்ஷனுக்கு ஆதரவு 2024 நவம்பரோடு முடிந்துவிட்டதால் 16-க்கு மாற்றினேன். டேட்டாபேஸ் 180 ஜிபி. முழுக்க நகலெடுக்க டிஸ்கில் இடம் போதவில்லை. பில்லிங் மென்பொருள் கொடுத்த கம்பெனிக்காரர் போனில், "லிங்க் மோடு போடுங்க சார், அஞ்சு நிமிஷம்தான்" என்றார். நகலெடுக்காமல் பழைய டேட்டா ஃபைல்களையே புதிய வெர்ஷனும் எடுத்துக்கொள்ளும் முறை அது. முன்சோதனை சுத்தமாக வந்தது. அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் ஒருவராலும் லாகின் பண்ண முடியவில்லை. அப்கிரேடு கருவி டேட்டாவைக் கொண்டுவரும், செட்டிங் ஃபைல்களைக் கொண்டுவராது. யார் எப்படி உள்ளே வரலாம் என்று சொல்லும் அனுமதி ஃபைல் புதிதாக வந்திருந்தது. அதில் பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஸ்க்ராம் என்ற புதிய முறை இருந்தது. பழைய பாஸ்வேர்டுகளோ எம்டி5 என்ற பழைய முறையில் சேமித்தவை. "எல்லா பாஸ்வேர்டையும் ரீசெட் பண்ணிடுங்க" என்றார் கம்பெனிக்காரர். செய்தேன். ஆபீஸ் கணினிகள் எல்லாம் உள்ளே வந்தன. ஞாயிற்றுக்கிழமை கேட் பூட்டியிருந்ததால் எடைமேடைக் கணினியை மட்டும் தொடவில்லை. அந்த ஒன்றைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும்.

அது பழைய விண்டோஸ் 7 பெட்டி. டேட்டாபேஸோடு பேச அதிலிருக்கும் டிரைவர் ஸ்க்ராம் வருவதற்கு முந்தியது. திரையில் "ஆதென்டிகேஷன் டைப் 10 நாட் சப்போர்ட்டட்" என்று ஒரே வரி. கம்பெனிக்காரர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஆறரைக்கு வேறொருவர் எடுத்து, "பழைய 12-ஐயே ஸ்டார்ட் பண்ணுங்க. கண்ட்ரோல் ஃபைல் பேரு மாறியிருக்கும், அதைப் பழைய பேருக்கு மாத்திட்டாப் போதும்" என்றார்.

தயவுசெய்து இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். லிங்க் மோடில் பழைய கிளஸ்டரும் (ஒரு வெர்ஷனின் மொத்த டேட்டா தொகுப்பு) புதியதும் ஒரே டேட்டா ஃபைல்களைப் பகிர்கின்றன. புதியதை ஒருமுறை ஸ்டார்ட் செய்து, அது அந்த ஃபைல்களில் எழுதிவிட்டால் பழையதை நம்ப முடியாது. கண்ட்ரோல் ஃபைல் இல்லாமல் டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகாது. பழையது தவறிப்போய் ஓடிவிடக்கூடாது என்றுதான் அதன் பெயரையே கருவி மாற்றி வைக்கிறது. திரும்புவதென்றால் பேக்கப்பிலிருந்து மட்டும்தான். என் பேக்கப் சனிக்கிழமை ராத்திரியது. அதை வைத்தால் ஞாயிறு பில்களும், அன்று காலை கும்பகோணம் டிப்போவில் போட்ட பில்களும் போய்விடும். முடியாது என்று சொல்லி போனை வைத்தேன். அன்று நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

அண்ணன் அதற்குள் கார்பன் வைத்த சீட்டில் கையால் எடை எழுதி வண்டிகளை விட ஆரம்பித்திருந்தார். அந்த மனுஷனுக்குக் கோடி புண்ணியம்.

நல்லவேளை, எடைமேடைக்கென்று தனி யூசர் இருந்தது. பாஸ்வேர்டு குறியாக்கத்தை அந்த ஒரு செஷனுக்கு மட்டும் எம்டி5 ஆக்கி, அந்த யூசரின் பாஸ்வேர்டை மறுபடி போட்டேன். அனுமதி ஃபைலில் அந்த ஒரே ஐபி முகவரிக்கு எம்டி5 வரி சேர்த்து, அதை மற்ற வரிகளுக்கு மேலே வைத்தேன். முதலில் பொருந்தும் வரிதான் செல்லும், கீழே போட்டால் பயனில்லை. ரீலோடு போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். ரெண்டு நிமிட வேலை, கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம். எட்டு பத்துக்குப் பிரிண்டர் முதல் சீட்டைத் துப்பியபோது உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்கு ரிப்போர்ட் எல்லாம் ஆமைபோல் நகர்ந்தது தனிக்கதை. டேட்டாவை வேகமாகத் தேட வழி சொல்லும் புள்ளிவிவரங்கள் 16-க்கு மாறும்போது கூடவராது. அவற்றைப் புதிதாகத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டியதும் சரியானது.

மாசியில் கணக்கு சர்வரை மாற்றும்போது லிங்க் மோடு பக்கமே போகவில்லை. அந்த சர்வரில் இயங்குதளம் ராக்கி லினக்ஸ் 8, ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ். உடனடி நகலுக்கு வேண்டிய ரீஃப்ளிங்க் வசதி 1 என்று இருக்கிறதா பார்த்துக்கொண்டு, அதை வைத்துத் தனி நகல் எடுக்கும் குளோன் மோடில் செய்தேன். வேகம் கிட்டத்தட்ட லிங்க் மாதிரியே, பழைய கிளஸ்டர் கைபடாமல் அப்படியே இருக்கும். ரெண்டும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முந்தின வாரமே ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, 12-க்குத் திரும்பியும் பார்த்தேன். அப்கிரேடு ராத்திரி ஒரு மணிக்குள் எல்லாக் கணினியும் உள்ளே வராவிட்டால் திரும்பிவிடுவது என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். விடிந்து ஆட்கள் பில் போட ஆரம்பித்துவிட்டால் பழையதுக்குத் திரும்புவது என்பதே டேட்டாவை இழப்பதுதானே. பன்னிரண்டே காலுக்கே முடிந்துவிட்டது.

அந்த எம்டி5 வரி இன்னும் இருக்கிறது. பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதி வைத்திருக்கிறேன். இனிவரும் ஒரு வெர்ஷனில் எம்டி5-ஐ எடுத்துவிடப்போவதாக 18-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. குறுவை நெல் வருமுன் எடைமேடைக் கணினியை மாற்றித் தரவேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.